கொல்லையில் ஒரு மீன் போகம்

மீனும் பயிரும் ஒரே தண்ணீரில் வளர்வது டெல்டாக்காரர்களுக்குப் புதுச் செய்தி இல்லை. ஆற்றில் தண்ணீர் வந்து வாய்க்கால் நிரம்பி மடை திறந்ததும், தண்ணீரோடு கெண்டையும் குரவையும் கெளுத்தியும் வயலுக்குள் ஏறிவிடும். சம்பா வயலில் தண்ணீர் வடியும் நாட்களில் மீன் பிடிக்கும் கூடையான ஊத்தாவோடு சேற்றில் இறங்கிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. மீன் புழு பூச்சிகளைத் தின்றது, அதன் கழிவு நெல்லுக்கு உரமானது. பூச்சிமருந்து பெருகியபின் வயல்மீன் அருகிவிட்டது. காவிரியின் கடைமடைப் பகுதியான சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் ஆய்வாளர்கள் இந்தப் பழைய உறவை நெல், மீன், கோழி என்ற கூட்டுப் பண்ணையாகத் திரும்பக் கட்டியெழுப்பினார்கள். வயலில் பள்ளம் வெட்டி மீன் விட்டு, தண்ணீருக்கு மேலே கூண்டில் கோழி வளர்த்தார்கள். கோழியின் எச்சம் தண்ணீரை வளப்படுத்தியது, அந்தத் தண்ணீர் நெல்லுக்குப் பாய்ந்தது.

அந்த வயலிலிருந்து மண்ணை மட்டும் எடுத்துவிட்டால் மிஞ்சுவதுதான் அக்வாபோனிக்ஸ். ஒரு தொட்டியில் மீன், பக்கத்தில் ஜல்லி நிரப்பிய பாத்தி, இரண்டுக்கும் நடுவே ஓயாமல் சுற்றும் தண்ணீர். சொல்வதற்கு எளிது. ஆனால் ஓர் ஏக்கர் நஞ்சையில் இரண்டு அங்குலத் தண்ணீர் நின்றால் அது இரண்டு லட்சம் லிட்டர். அதில் நீந்தும் மீன்கள் கொஞ்சம். கொல்லைத் தொட்டியிலோ 1,000 லிட்டரில் 12 கிலோ மீனை வளர்க்க நினைக்கிறோம். வயலில் கழிவை வாங்கிக்கொண்டதும், சூட்டைத் தணித்ததும், காரத்தையும் அமிலத்தையும் சமன் செய்ததும், கோடானுகோடி நுண்ணுயிரிகளுக்கு வீடு கொடுத்ததும் மண். மண் போனபின் இத்தனை வேலைகளுக்கும் நாம்தான் பொறுப்பு.

150 கிராம் தீவனம் எங்கே போகிறது?

அக்வாபோனிக்ஸின் கணக்கெல்லாம் தீவனத்திலிருந்து தொடங்குகிறது. கரீபியன் கடலில் செயின்ட் குரோய் தீவில் இருக்கும் வெர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ராக்கோசி 1980 முதல் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தார். மீனின் எண்ணிக்கையை வைத்தோ தொட்டியின் அளவை வைத்தோ பாத்தியைத் தீர்மானிக்க வேண்டாம், அன்றாடம் போடும் தீவனத்தை வைத்துத் தீர்மானியுங்கள் என்பதே அவர் வகுத்த விதி. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2014இல் வெளியிட்ட சிறு பண்ணைக் கையேடு, கீரை வகைகளுக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீவனம் என்று கணக்குச் சொல்கிறது. காய்க்கும் செடிகளுக்கு 50 முதல் 80 கிராம்.

நம் கொல்லைக்கு நாளொன்றுக்கு 150 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று சதுர மீட்டர் கீரைப் பாத்திக்கு அது போதும். மிதவைத் தீவனத்தில் புரதம் சுமார் 30 சதவீதம், அதாவது 45 கிராம். புரதத்தில் ஆறில் ஒரு பங்கு நைட்ரஜன் என்பதால், நாம் தூவும் ஒவ்வொரு நாள் தீவனத்திலும் ஏழு கிராம் நைட்ரஜன் தொட்டிக்குள் இறங்குகிறது. மீன் அதில் இரண்டு கிராமைச் சதையாக்கிக்கொள்ளும். மீதியில் பெரும்பகுதியைச் செவுள் வழியே அம்மோனியாவாகத் தண்ணீரில் விட்டுவிடும். அம்மோனியா மீனுக்கு நஞ்சு.

ரஷ்ய அறிவியலாளர் செர்கெய் வினோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டையொட்டி இதற்கான விடையைக் கண்டறிந்தார். அம்மோனியாவையே ஆற்றலுக்கான எரிபொருளாகக் கொண்டு வாழும் பாக்டீரியாக்கள் மண்ணில் இருக்கின்றன. நைட்ரோசோமோனாஸ் போன்றவை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரோஸ்பைரா போன்றவை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரைட்டும் மீனுக்கு ஆகாது. அது இரத்தத்தைப் பழுப்பாக்கி மூச்சை முட்டவைக்கும். நைட்ரேட்டை மீன் ஓரளவு தாங்கும், கீரையோ அதை விரும்பி உறிஞ்சும். இந்தப் பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பதைவிட எதன்மீதாவது படலமாக ஒட்டியிருக்கவே விரும்புகின்றன. ஜல்லிப் பாத்தி செடிக்குப் பிடிமானம் மட்டுமில்லை, அவற்றின் குடியிருப்பும் அதுதான்.

குடியேற நாளாகும். மிதமான தட்பவெப்பத்தில் ஐந்தாறு வாரம், நம் ஊர்ச் சூட்டில் மூன்று நான்கு வாரம். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு தொட்டியின் வடிகட்டியிலிருந்து ஒரு வாளி ஜல்லி கொண்டுவந்து போட்டால் இன்னும் விரைவாகும். மீன் தொட்டிக் கடைகளில் அம்மோனியா, நைட்ரைட் பார்க்கும் சோதனைப் பெட்டி கிடைக்கிறது. இரண்டும் ஏறி, பின் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிப் பூஜ்யத்தைத் தொடும்வரை முழு எண்ணிக்கையில் மீன் விடக்கூடாது. தொடக்கத்தில் நடக்கும் சாவுகள் பெரும்பாலும் இந்தப் பொறுமை இல்லாததால் நடப்பவை.

வெயில் இரண்டு பக்கமும் அடிக்கும்

குளிர்நாட்டு நூல்கள் தண்ணீரைச் சூடேற்றுவது எப்படி என்று பக்கம் பக்கமாகச் சொல்லும். தஞ்சாவூரில் கேள்வி தலைகீழ்.

நீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டரில் 9 மில்லிகிராம் கரையும், 30 டிகிரியில் ஏழரை, 35 டிகிரியில் ஏழு. அதே சூட்டில் மீனின் உடல் வேகமாக இயங்கி அதிக ஆக்சிஜன் கேட்கும். வரவு குறையும்போதே செலவு ஏறுகிறது.

30 டிகிரியில் 1,000 லிட்டர் தொட்டி முழுக்கக் காற்றேறியிருந்தாலும் அதில் இருக்கும் மொத்த ஆக்சிஜன் ஏழரை கிராம்தான். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற, பாக்டீரியாவுக்கு நாலரை கிராம் ஆக்சிஜன் வேண்டும். நாளுக்கு நான்கு கிராம் என்றாலே 18 கிராம். மீன்களின் மூச்சுக்கு அதைப்போல மூன்று நான்கு மடங்கு. ஆக, தொட்டியிலிருக்கும் கையிருப்பைப்போலப் பல மடங்கை ஒவ்வொரு நாளும் காற்றிலிருந்து உள்ளே கொண்டுவந்தாக வேண்டும். பாத்தியிலிருந்து தண்ணீர் விழும் ஓசை கேட்கிறதே, போதாதா என்று நினைக்கத் தோன்றும். போதாது. தனியாக ஒரு காற்றுப் பம்பும், அடியில் குமிழ் விடும் கல்லும் கட்டாயம்.

கோடையில் ஊர்க்குளத்து மீன்கள் விடிகாலையில் வாயைப் பிளந்துகொண்டு மேல்மட்டத்தில் மொய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். பகலில் ஆக்சிஜன் தந்த பாசி, இரவெல்லாம் மீனோடு சேர்ந்து அதை உறிஞ்சிவிடும். சூரியன் வரும் நேரத்தில் கையிருப்பு அடிமட்டத்தில் இருக்கும். பாசி பிடித்துப் பச்சையாகிவிட்ட தொட்டியிலும் இதேதான் நடக்கும். தொட்டிக்கு நிழல் கொடுத்துப் பாசியைத் தடுப்பது மீனின் மூச்சுக்கான ஏற்பாடு.

பாசியால் இன்னொரு கெடுதலும் உண்டு. பகல் வெயிலில் அது கரியமில வாயுவை உறிஞ்சியதும் தண்ணீரின் காரத்தன்மை ஏறும். அம்மோனியாவின் நஞ்சு அதைப் பொறுத்தது. காரத்தன்மையைக் காட்டும் அளவான பி.எச். 30 டிகிரியில் 7 இருந்தால், மொத்த அம்மோனியாவில் நஞ்சான வடிவம் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பி.எச். 8 ஆனால் ஏழரைப் பங்கு. 9 ஆனால் ஏறக்குறைய 45 பங்கு. சோதனைப் பெட்டி காட்டும் அம்மோனியா அளவு மாறாமலே, காலையில் உயிரோடிருந்த மீன் பிற்பகலில் சாகலாம்.

போர் தண்ணீரும் மழைத் தண்ணீரும்

டெல்டாவின் பல ஊர்களில் போர் தண்ணீர் கடினமானது, காரமானது. நாகப்பட்டினம் பக்கம் போகப் போக உப்பும் சேரும். சுற்றிவரும் தண்ணீரில் உப்பு எங்கும் போவதில்லை. நீர் ஆவியாகும், செடி உறிஞ்சும், நாம் ஈடுகட்ட ஊற்றுவோம், ஒவ்வொரு முறையும் உப்பு கொஞ்சம் கூடும். மொத்த நீரில் அன்றாடம் ஒன்றிலிருந்து மூன்று சதவீதம் ஈடுகட்ட வேண்டியிருக்கும் என்பதால், ஓர் ஆண்டில் இது சிறிய விஷயமில்லை.

காரத் தண்ணீரில் இன்னொரு குறை இரும்பு. பி.எச். ஏழரையைத் தாண்டினால் இரும்பு தண்ணீரில் இருந்தும் செடிக்குக் கிடைக்காது. இளந்தளிர் வெளிறும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். தீவனத்திலும் செடிக்குப் போதுமான இரும்பு இல்லை. உரக்கடையில் ஈ.டி.டி.எச்.ஏ. வகைக் கீலேட் இரும்பு கேட்டு வாங்க வேண்டும், காரத் தண்ணீரில் நிலைப்பது அதுதான். மூன்று வாரத்துக்கு ஒருமுறை லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் இரும்பு என்பது ராக்கோசி குழுவின் அளவு. 1,000 லிட்டர் அமைப்புக்கு, ஆறு சதவீத இரும்புள்ள தூளில் சுமார் 33 கிராம் வரும். தண்ணீர் சில நாள் சிவந்திருக்கும், பயமில்லை.

நல்ல மருந்து மழை. 2003இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது வீடுகளில் இறக்கிய குழாய்களில் பல இன்றும் மொட்டைமாடியிலிருந்து சும்மா தொங்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றைத் திருப்பி ஒரு சின்டெக்ஸ் தொட்டிக்கு விட்டால், ஐப்பசி கார்த்திகை மழை மாதக்கணக்கில் ஈடுகட்டும் தண்ணீராகும். மழைத் தண்ணீரையே தனியாக நம்பக் கூடாது. நைட்ரேட் உண்டாகும்போது அமிலமும் உண்டாகிறது. அதைத் தாங்கும் சுண்ணாம்புச் சத்து மழைநீரில் இல்லை. பி.எச். ஆறரைக்குக் கீழே இறங்கினால், கழுவிய கிளிஞ்சலை ஒரு வலைப்பையில் கட்டித் தொட்டியில் தொங்கவிட்டால் போதும். மெல்லக் கரைந்து ஈடுசெய்யும். சுண்ணாம்பு காளவாய்க்குக் கிளிஞ்சல் போன ஊர்களில் இது கிடைக்காத பொருள் இல்லை.

உறை, ஜல்லி, சைபன்

இனி கட்டலாம். கிணற்றுக்கு இறக்கும் சிமெண்ட் உறை டெல்டாவில் எந்த ஊரிலும் கிடைக்கும். நாலடி விட்டம், ஓரடி உயரமுள்ள உறைகள் நான்கு எடுங்கள். அடியில் சிமெண்ட் தளம் போட்டு, இரண்டு உறையைத் தரைக்குக் கீழும் இரண்டை மேலும் வையுங்கள். மூன்று உறை அளவுக்குத் தண்ணீர் நின்றால் ஆயிரம் லிட்டருக்குச் சற்று மேல். நிலத்துக்குள் இருக்கும் பாதி, தண்ணீரைச் சூடேறாமல் காக்கும். மேலே நிற்கும் இரண்டடி, மழைக்காலத்தில் கொல்லையில் தண்ணீர் தேங்கும்போது சாக்கடை நீர் உள்ளே புகாமலும் மீன் வெளியே போகாமலும் தடுக்கும். பிளாஸ்டிக் தொட்டியைப் புதைக்க நினைப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும் ஊர் இது. காலித் தொட்டி படகுபோல் மேலெழும். புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசியும் என்பதால் இரண்டு மூன்று வாரம் தண்ணீர் நிரப்பி நிரப்பிக் கொட்டியபின்தான் மீன்.

பாத்திக்கு ஒன்றரைச் சதுர மீட்டர் வீதம் இரண்டு தொட்டிகள், ஓரடி ஆழம். செங்கல் அடுக்கி, உள்ளே தடித்த தார்ப்பாய் விரித்தாலும் போதும். வடியும் தண்ணீர் தானாகவே மீன் தொட்டியில் விழ வேண்டும் என்பதால் பாத்தியின் அடித்தளம் உறையின் விளிம்பைவிட உயரமாக, தரையிலிருந்து இரண்டரை அடியில் இருக்கட்டும். நிரப்புவதற்கு முக்கால் ஜல்லி. கருங்கல் ஜல்லி நல்லது. சந்தேகமிருந்தால் ஒரு கல்லின்மீது வினிகரை ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல், வேண்டாம். இரண்டு பாத்திக்கும் ஜல்லி மட்டும் ஒன்றரை டன்னை நெருங்கும், தண்ணீர் தனி. மொட்டைமாடியில் வைக்க ஆசைப்படுபவர்கள் பொறியாளரிடம் கேட்காமல் ஏற்ற வேண்டாம்.

ஜல்லியில் தண்ணீர் எப்போதும் நின்றால் வேர் அழுகும், எப்போதும் வடிந்தால் காயும். ஏறி இறங்க வேண்டும். மின்சாரமோ வால்வோ இல்லாமல் இதைச் செய்வது மணி சைபன். பாத்தியின் அடியில் டேங்க் நிப்பிள் வழியாக ஓர் இஞ்சு பி.வி.சி. குழாயை ஒன்பது பத்து அங்குல உயரத்துக்கு நிறுத்துகிறோம். அதன்மேல், தலை மூடிய இரண்டரை இஞ்சுக் குழாயைக் கவிழ்க்கிறோம். அதன் அடி விளிம்பில் தண்ணீர் நுழையப் பள்ளங்கள். ஜல்லி நெருங்காமல் சுற்றிலும் துளையிட்ட நாலு இஞ்சுக் குழாய் ஒன்று. தண்ணீர் ஏறி நடுக்குழாயின் தலையைத் தாண்டி வழியத் தொடங்கியதும், கவிழ்த்த குழாய்க்குள்ளிருக்கும் காற்றை அடித்துக்கொண்டு போய்விடும். பிறகு இழுவிசையில் பாத்தி முழுவதும் சில நிமிடத்தில் மளமளவென்று இறங்கும். அடிப்பள்ளம் வெளிப்பட்டதும் காற்று உள்ளே புகுந்து சைபன் அறுபடும், மறுபடி ஏற்றம். இறங்கும் ஒவ்வொரு முறையும் ஜல்லிக்குள் புதுக் காற்று இழுக்கப்படுவதால், வேருக்கும் பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் கிடைக்கிறது. சைபன் பிடிக்காமல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தால் பம்பின் வேகத்தைக் கூட்டுங்கள். அறுபடாமல் ஓடிக்கொண்டே இருந்தால் குறையுங்கள். இரண்டு பாத்தியும் ஒரே நேரத்தில் நிரம்பினால் மீன் தொட்டியிலிருந்து 300 லிட்டர் போய்விடும் என்பதால் முன்பின்னாக நிரம்பும்படி, பாத்திக்குத் தண்ணீர் ஏற்றும் குழாயின் வால்வைத் திருப்பி வையுங்கள்.

மேற்பரப்பில் இரண்டு அங்குலம் ஜல்லி எப்போதும் காய்ந்தே இருக்கட்டும். பாசியும் பிடிக்காது, கொசுவும் முட்டையிடாது.

மின்சாரம் போனால்

தண்ணீர்ப் பம்பு 30 வாட், காற்றுப் பம்பு 30 வாட். இரண்டும் இரவுபகலாக ஓடினால் இரண்டு மாதத்துக்கு 86 யூனிட். வீட்டு இணைப்புக்கு அரசு தரும் 100 இலவச யூனிட்டில் பெரும்பகுதி இதற்கே போய்விடும். தண்ணீர்ப் பம்புக்கு டைமர் வைத்து அரைமணி ஓட்டம், அரைமணி ஓய்வு என்று விட்டால் மிச்சமாகும். காற்றுப் பம்பு மட்டும் நிற்கவே கூடாது.

நின்றால் என்ன ஆகும்? முழுதாக வளர்ந்த 12 கிலோ மீன் கோடைத் தண்ணீரில் மணிக்கு இரண்டரை, மூன்று கிராம் ஆக்சிஜனை உறிஞ்சும். கையிருப்பு ஏழரை கிராம். இரண்டு மணி நேரத்துக்குள் விளிம்புக்கு வந்துவிடும். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் காற்றுப் பம்பை முதலில் அதில் மாட்டுங்கள். 150 ஏ.எச். பேட்டரி, வேறு எதையும் ஓட்டாவிட்டால், ஏறத்தாழ ஒரு நாள் தாங்கும்.

ஒரு நாள் போதாத காலமும் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபின் பட்டுக்கோட்டை, பேராவூரணி, திருத்துறைப்பூண்டி சுற்றுப்புறங்களில் பல ஊர்களில் நாட்கணக்கில், சில இடங்களில் வாரக்கணக்கில், மின்சாரம் இல்லை. அப்படியொரு எச்சரிக்கை வந்தால் முதல் வேலை தீவனத்தை நிறுத்துவது. பட்டினி மீனுக்கு மூச்சுச் செலவு குறைவு, சில நாள் பட்டினியை அது எளிதில் தாங்கும். அடுத்த வேலை, பெரிய மீனைப் பிடித்து விற்றோ சமைத்தோ எடையைப் பாதியாக்குவது.

எந்த மீன், எந்தக் கீரை

தொட்டிக்கு ஏற்ற மீன் என்றால் உலகம் முழுக்கச் சொல்லும் பெயர் திலேப்பியா. நாம் ஜிலேபிக் கெண்டை என்று அழைக்கும் பழைய இனம் 1952இல் இந்தியாவுக்கு வந்தது. கண்டபடி பெருகி, உருவம் சிறுத்து, குளங்களில் நாட்டு மீன்களுக்குப் போட்டியானது. இன்று வளர்ப்பது கிஃப்ட் திலேப்பியா. 1988இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய தேர்வு இனப்பெருக்கத்தின் விளைவு அது. சீர்காழியைத் தலைமையிடமாகக் கொண்ட ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம், விஜயவாடா அருகே மணிக்கொண்டாவில் இந்த இனத்தைப் பெருக்கி வளர்த்தது. இதை வளர்க்க மீன்வளத் துறையிடம் பதிவும் அனுமதியும் வேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு நாடு முழுவதும் தடை. வெள்ளக் காலத்தில் கொல்லையும் வாய்க்காலும் ஆறும் ஒன்றாகிவிடும் நம் சமவெளியில் இந்த விதிகளுக்கு அர்த்தம் இருக்கிறது. தொட்டியிலிருந்து தப்பிய மீன் நேரே காவிரிக்குப் போகும்.

அனுமதிக்கு அலைய மனமில்லாதவர்கள் நம் வயல்மீனையே பார்க்கலாம். விரால், குரவை, நாட்டுக் கெளுத்தி, பனையேறிக் கெண்டை எல்லாம் வாயால் காற்றையும் குடிக்கும் இனங்கள். கோடையில் வற்றும் வயலிலும் சேற்றிலும் உயிரைப் பிடித்துக்கொள்ளப் பழகியவை. மின்சாரம் நின்றால் திலேப்பியா சாகும் நேரத்தில் விரால் மேலே வந்து ஒரு வாய்க் காற்று குடித்துவிட்டு இறங்கும். ஆனால் விரால் வேட்டைக்காரன். அளவு பிரித்து விடாவிட்டால் பெரியது சிறியதைத் தின்றுவிடும், புரதம் மிகுந்த விலையுள்ள தீவனம் கேட்கும். குஞ்சு வாங்கும் முன் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையங்களில் ஒரு பயிற்சி எடுத்துக்கொள்வது காசை மிச்சப்படுத்தும்.

செடியில் லெட்டூஸை மறந்துவிடுங்கள். 30 டிகிரித் தண்ணீரில் அது பூத்துக் கசக்கும். முளைக்கீரை, சிறுகீரை, பசலை, வள்ளைக்கீரை, வல்லாரை, புதினா எல்லாம் இந்தச் சூட்டுக்குப் பிறந்தவை. ஆறு மாதம் கழித்து நைட்ரேட் நிலைத்தபின் கத்தரி, வெண்டை, மிளகாய். தொட்டிக்கு மேலே பந்தல் போட்டுப் பாகலோ புடலையோ ஏற்றினால் நிழலும் காயும் ஒன்றாகக் கிடைக்கும். மருந்து எதுவும் தெளிக்க முடியாது. வேப்பெண்ணெய்கூட மீனுக்கு ஆகாது. பக்கத்து வயலில் மருந்தடிக்கும் நாளில் தொட்டியை மூடி வைக்க வேண்டும்.

ஆடியில் விட்டு, பங்குனியில் எடு

மேலே சொன்ன எல்லாக் கணக்கும் ஒரே இடத்தில் வந்து சேர்கிறது. ஆபத்து மீனின் மொத்த எடையும் தண்ணீரின் சூடும் ஒன்றாக உச்சத்தைத் தொடும்போதுதான். தையில் குஞ்சு விட்டால் அக்னி நட்சத்திரத்தில் மீன் வளர்ந்து பெருத்து நிற்கும். குறைந்த ஆக்சிஜனும் கூடுதல் பசியும் நஞ்சேறிய அம்மோனியாவும் அப்போது கூடி வரும். பொங்கலுக்கு ஆரம்பித்த பல தொட்டிகள் முதல் கோடையைத் தாண்டாததற்கு இந்தக் கணக்கே போதும்.

ஆகவே மீனையும் ஒரு சம்பா போகமாக நினைப்பது நல்லது. ஆனி மாதத்தில் கட்டி முடித்துத் தண்ணீரைச் சுற்றவிட்டுப் பாக்டீரியாவைக் குடியேற்றுங்கள். ஆடிக் கடைசியில் முப்பது குஞ்சு. அப்போது சூடு இருந்தாலும் மீனின் எடை கிராம் கணக்குதான். ஐப்பசி முதல் தை வரை குளிர்ந்த தண்ணீரில் அது வளரும். கால் கிலோவைத் தாண்டியதும் வாரம் ஒன்றிரண்டாகக் குழம்புக்கு எடுக்கத் தொடங்கி, பங்குனிக்குள் தொட்டியைக் காலியாக்கிவிடலாம். சித்திரை வைகாசிக்கு ஏழெட்டுச் சிறு மீன் போதும், பாக்டீரியா பட்டினி கிடக்காமல் இருக்கும். பாத்தியில் பாதி வள்ளைக்கீரை, மீதி ஓய்வு.

கிடைப்பது என்ன? தீவனம் உச்சத்திலிருக்கும் மாதத்தில் நாலரைக் கிலோ போட்டால் மூன்று கிலோ மீன், வீட்டுக்கு வேண்டிய கீரை. நெல்லுக்கு மாற்றும் இல்லை, தொழிலும் இல்லை. மருந்து படாத கீரையும், கண்முன் வளர்ந்த மீனும் வேண்டும் என்பவருக்கு இது பொருந்தும். அப்படி முடிவெடுத்தால் செலவின் வரிசையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். எல்லோரும் தொட்டியில் தொடங்கி, குழாய், மீன் என்று வாங்கி, காசு தீர்ந்தபின் நிழலைப் பற்றி யோசிக்கிறார்கள். முதல் பணம் கீற்றுக்கோ நிழல் வலைக்கோ போகட்டும், அடுத்தது காற்றுப் பம்புக்கும் அதைத் தாங்கும் பேட்டரிக்கும், மூன்றாவது சோதனைப் பெட்டிக்கு. தொட்டி அதற்குப் பிறகு.